கொள்ளைநோயும் படுவான்கரை நெல்லும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, ஞாயிறு படும் பக்கமாதலிற் படுவான்கரை எனப் பெயர்பெற்ற நிலத்திலே, தான்தோன்றீசுவரர் ஆலயத்தாற் புகழ்கொண்டது கொக்கட்டிச்சோலை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை, எழுவான்கரைக்குக் குறுக்குவழி துறையிலே வாவியைக் கடப்பதேயாம். நினைத்தவுடன் கடைக்குச் செல்லவியலாத ஊரிலே வீட்டில் நெல்லைச் சேமித்தல் அறிவுடைமையேயன்றிப் பேராசையன்று.

இதன் அருமையை 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சற் காலம் காட்டிற்று. அவ்வாண்டு இந்தியாவிற் பருவமழையும் பொய்த்தது. அடுத்த ஆண்டில், இறக்குமதி அரிசியை நம்பியிருந்த இலங்கை கடுந்தட்டுப்பாட்டுக்கு உள்ளாயிற்று. நோயும் பஞ்சமும் தனித்து வருவதில்லை போலும்!

நூறாண்டு கழிந்து, 2020 மார்ச் 20ஆந் திகதி கோவிட் நோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபொழுது, பெரும்போக அறுவடைக் காலம் முடிவை அண்மியிருந்தது. நெல் உமியோடு இருக்குமளவும் நெடுநாட் கெடாது; நன்குலர்த்தி, வேப்பிலையிட்டு வைத்தாற் பூச்சியும் அணுகுவது அரிது. பருப்பு, சீனி, பால்மா ஆகியவற்றுக்கோ கடையே கதி. ஊரடங்கு தளர்ந்த சில மணி நேரத்திற் கடைவாயில்களில் நெரிசல் மிகுந்தது.

நெகிழியின்மேல் அந்நோய்க்கிருமி மூன்று நாள் வரை நிலைக்கலாமென ஆய்வுகூடச் சோதனையொன்று கண்டதனால், உலகெங்கும் பலர் பொதிகளைக் கழுவினர். சிலர் காய்கறிக்கும் சவர்க்காரமிட்டனர். பின்னைய ஆய்வுகளோ பொதியினும் மூச்சுக்காற்றே பெரிதும் நோய் பரப்பிற்றெனத் தெளிவுறுத்தின. வீட்டில் நெல்லிருந்தவர் கடைநெரிசலுக்குச் சென்ற தடவைகள் அவ்வளவிற் குறைந்தன.