பத்திரிகையில் பிறந்த கதை வகுப்பு

மலேசியாவின் கெடா மாநிலத்தில் யான் என்பது நெல்வயலும் மீன்படகும் உள்ள ஊர். ஜெராய் மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால் பீடோங்; அங்கிருந்து சுங்கைப் பட்டாணிப் பக்கமெல்லாம் அன்று பால்மரக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். கெடாத் தமிழர்களின் கதைகள் அந்தத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில்தான் கிடந்தன. 1947இல் ஹார்வர்டு தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை, கள்ளுக்கடைக்கு எதிராகப் பீடோங்கில் மறியல் செய்தது. போலீஸ் வந்தது, உயிர் போனது, வேலைநிறுத்தம் தோட்டந்தோட்டமாகப் பரவியது. மறு ஆண்டே அவசரகாலம். அதன்பின் தோட்டத்தில் சங்கம் என்று வாயெடுத்தாலே சந்தேகம்.

ஆனால் கதை எழுதக் கற்றுத்தரும் யோசனை பிறந்தது கோலாலம்பூரில். 1924 முதல் வந்துகொண்டிருந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 1950இல் ‘கதை வகுப்பு’ தொடங்கியது. வாத்தியார்கள் இருவருமே நாராயணன்கள்: சுப. நாராயணன், பைரோஜி நாராயணன். நாளிதழே கரும்பலகை. பாடம் படித்தவர்கள் எழுதி அனுப்ப, மதிப்பிட்டுத் தரம் பிரித்தார்கள்.

பரீட்சை வைத்து எழுத்தாளரை உண்டாக்குவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோட்டப் பள்ளியோடு படிப்பு நின்றவருக்கு, கைமாறி வரும் பத்திரிகையை விட்டால் வேறு எந்தக் கல்லூரி?

வகுப்பில் கற்றுக்கொள்ளக்கூடியவை சில இருக்கின்றன. ஒரு சம்பவத்தைப் பிடி, பாட்டன் கதையிலிருந்து ஆரம்பிக்காதே, பாத்திரம் தானே பேசட்டும். ஆனால் யார் கண்ணால் பார்ப்பது என்பதில்தான் கதை நிற்கும், விழும். அந்தக் கள்ளுக்கடை மறியலையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவரின் மேடைப் பேச்சில் தொடங்கினால் அது கட்டுரை. சம்பள நாளில் புருஷன் கையில் எவ்வளவு மிஞ்சி வருமோ என்று லயத்து வாசலில் நிற்கும் ஒருத்தியிடம் தொடங்கினால், அடுத்த வரி தானே வரும். முடிவும் போலீஸ் தடியடி அல்ல. மறுநாள் விடியலில் அவள் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, போகிறாளா இல்லையா என்பதுதான்.

பலன் உண்டா என்றால், உண்டு. 1953இல் மா. இராமையாவும் மா. செ. மாயதேவனும் ‘இரத்ததானம்’ சிறுகதைத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் எழுத்தாளர் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து நேசனுக்கு ஆசிரியராக வந்திருந்தார். 1957 வரை இங்கே இருந்தார்; உள்ளூர் எழுத்துக்கு அது பெரிய அதிர்ஷ்டம்.

கெடாவின் முறை பிறகு வந்தது. நேசனின் கதை வகுப்பு தொடங்கியபோது சுங்கைப் பட்டாணி எழுத்தாளர் சீ. முத்துசாமி கைக்குழந்தை. வகுப்பில் மார்க் வாங்கித்தரும் திடீர்த் திருப்பமெல்லாம் அவரிடம் எடுபடாது. லயத்துப் பேச்சும், குடியும், நினைவும் ஒன்றோடொன்று சிக்கி நகரும் எழுத்து அது. முதல் பக்கத்தில் தடுமாறாத வாசகர் குறைவு. 2017இல் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது. தொண்டர் படையின் அந்தக் காலத்தை அவர் சிறுகதைக்குள் அடக்கப் பார்க்கவில்லை. ‘மலைக்காடு’ என்று நாவலாகவே எழுதினார்.