கொற்கை முத்தும் கம்ப்ரசர் கணக்கும்

கொற்கையில் முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல் குறிப்பு சொல்கிறது. ஏன் கைதிகள் என்பது கம்ப்ரசர் கணக்கு தெரிந்தால் விளங்கும்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. நெஞ்சில் அடக்கிய காற்று முதலில் பாதியாகும், பிறகு மூன்றில் ஒரு பங்காகும். 1662-ல் ராபர்ட் பாயில் எழுதிய விதி இதுதான். நம் தாமிரபரணி முகத்துவாரத்துக்காரர்கள் அதை நெஞ்சுக்கூட்டில் படித்தவர்கள். (1986 வரை தூத்துக்குடியும் நெல்லை மாவட்டம்தானே, அந்த உரிமையில் 'நம்' என்கிறேன்.)

கம்ப்ரசரிலும் இதே விகிதம்தான். மீட்டர் 8 காட்டினால் 8 மடங்கு என்பார்கள். அது தவறு. முள் பூஜ்யத்தில் நிற்கும்போதே வெளிக்காற்றின் அழுத்தம் 1 இருக்கிறது. அதையும் கூட்டினால் 9. இழுத்தது 1, தள்ளுவது 9.

30 டிகிரி காற்றை ஒரே அமுக்கில் 9 மடங்காக்கினால், சூடு வெளியே போகாவிட்டால், கணக்குப்படி 290 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் இரண்டு சிலிண்டர் வைத்து மூன்று மூன்று மடங்காக அமுக்கி, நடுவில் காற்றைக் குளிர வைக்கிறார்கள். அப்போது சுமார் 140 டிகிரியோடு நிற்கும். முதுகில் கட்டும் சிலிண்டருக்கோ 200 மடங்கு வேண்டும். அதை மூன்று, நான்கு கட்டமாக அமுக்குவார்கள்.

மன்னார் வளைகுடாவில் நம் பக்கத்துக் கடைசி முத்துக் குளிப்புகள் 1955 முதல் 1961 வரை நடந்தன. சங்குக் குளிப்பு நிற்கவில்லை. அதில் காற்றுக் குழாயும் சிலிண்டரும் வந்தபோது ஆபத்தின் முகம் மாறியது.

மூச்சடக்கிக் குளித்தவர் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். குழாய்க் காற்றில் மணிக்கணக்காக இருக்கலாம். அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. விறுவிறுவென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழ்விடும். மூட்டுவலி, சிலருக்குக் கால் முடக்கம், சிலருக்கு உயிரே போகும். டயருக்குக் காற்றடிக்கும் மெஷினை வள்ளத்தில் ஏற்றினால் இன்னொன்றும் சேரும். அளவுக்கு மிஞ்சிச் சூடானால் எண்ணெய் கருகி கார்பன் மோனாக்சைடு வரும். பக்கத்து என்ஜின் புகையை இழுத்தாலும் அதேதான். அதற்கு வாசனை கிடையாது. 10 மீட்டர் ஆழத்தில் அதன் வீரியமும் இரண்டு மடங்கு.