யாழ்ப்பாணக் குடாநாட்டில் அமைதி முயற்சிகளும் பெண்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்களின் அமைதி முயற்சிகள் 1984 இல் அன்னையர் முன்னணியின் ஊர்வலத்தோடு பொதுவெளிக்கு வந்தன. போர்க்காலத்திலும், 2009 மே மாதத்தில் போர் முடிந்த பின்னரும், காணாமல் போனவர்களைத் தேடுதல், கொடுமைகளைப் பதிவுசெய்தல், உள்ளூராட்சிப் பொறுப்பேற்றல் என அவை பல வழிகளில் தொடர்ந்தன. இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் நடத்திய பேச்சுகளில் பெண்களுக்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது.

அன்னையர் முன்னணி

1984 இல் படையினர் நூற்றுக்கணக்கான தமிழ் இளைஞர்களைப் பிடித்துச் சென்றபோது, தாய்மார் திரண்டு யாழ்ப்பாணக் கச்சேரிக்கு ஊர்வலமாகப் போய், பிள்ளைகளை விடுவிக்கும்படி அரசாங்க அதிபரிடம் கேட்டனர். இளைஞர்கள் வீதிக்கு வரவே அஞ்சிய காலத்தில் தாய்மைக்கு இருந்த மதிப்பே அவர்களுக்குக் காப்பாக நின்றது. ஆயுத இயக்கங்களின் பிடி இறுகியபோது முன்னணி தன் சுயாதீனத்தை இழந்தது.

மட்டக்களப்பு அன்னையர் முன்னணியைச் சேர்ந்த பூபதி கணபதிப்பிள்ளை, இந்திய அமைதிப்படை போரை நிறுத்திப் புலிகளுடன் பேச வேண்டும் என்று கோரி 1988 மார்ச் 19 இல் மாமாங்கப் பிள்ளையார் கோயிலடியில் உண்ணாநோன்பு தொடங்கி, ஏப்ரல் 19 இல் உயிர்நீத்தார். 1990 இல் தெற்கே மாத்தறையிலும் அதே பெயரில் ஓர் அமைப்பு உருவானது. ஜே.வி.பி. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது காணாமல் போன சிங்கள இளைஞர்களின் தாய்மார் அதில் இணைந்தனர்.

பதிவும் அதன் விலையும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஆய்வு வட்டம் 1986 இல் பெண் கவிஞர்களின் 'சொல்லாத சேதிகள்' தொகுப்பை வெளியிட்டது. அதே பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜனி திராணகம, 1987 ஒக்டோபரில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே தொடங்கிய போரில் பெண்கள் பட்ட பாடுகளை அவர்களிடமே கேட்டு எழுதினார். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், க. சிறிதரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய 'முறிந்த பனை', அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் வன்முறையையும் கேள்விக்குட்படுத்தியது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான பூரணி இல்லம் உருவாவதிலும் அவர் பங்கேற்றார். 1989 செப்டெம்பர் 21 இல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

யாழ்ப்பாண மாநகரின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன். கணவர் வெ. யோகேஸ்வரன் 1989 இல் கொல்லப்பட்ட பின்னரும் பொதுவாழ்வுக்கு வந்த அவர், 1998 தேர்தலில் வென்று பதவியேற்ற சில மாதங்களில், மே 17 அன்று கொல்லப்பட்டார். ஆயுதம் ஏந்தாமல் பொதுப்பணி செய்த பெண்களுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை என்பதற்கு இவ்விரு கொலைகளும் சான்று.

2003 உபகுழு

2002 பெப்ரவரி 22 இன் போர்நிறுத்த உடன்படிக்கையைத் தொடர்ந்து நோர்வேயின் அனுசரணையில் பேச்சுகள் நடந்தன. பெண்கள் அமைப்புகள் கொடுத்த அழுத்தத்தால், பால்நிலை விவகாரங்களுக்கான உபகுழு ஒன்றை அமைக்க 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் இணக்கம் காணப்பட்டது. இரு தரப்பிலிருந்தும் ஐவர் வீதம் பத்துப் பெண்கள் அதில் இருந்தனர். அரசு தரப்பை வரலாற்றாய்வாளர் குமாரி ஜயவர்த்தனவும் புலிகள் தரப்பை மகளிர் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் தமிழினியும் வழிநடத்தினர். நோர்வேயின் அஸ்ட்ரிட் ஹைபெர்க் அனுசரணையாளராக இருந்தார்.

2003 மார்ச்சில் கிளிநொச்சியில் கூடிய குழு மீள்குடியேற்றம், பெண்களின் பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் ஆகியவற்றைத் தன் பணிகளாக வகுத்தது. ஏப்ரல் 21 இல் புலிகள் பேச்சிலிருந்து விலகியதும் குழுவின் பணியும் முடங்கியது. பிரதான பேச்சுக்கு ஆலோசனை சொல்லும் குழுவாகவே அது அமைந்ததால், பேச்சு நின்றபோது தனித்து இயங்கும் வலு அதற்கு இல்லாமற்போனது. வட அயர்லாந்தில் இதற்கு மாறாக, பெண்கள் கூட்டணி 1996 தேர்தலில் போட்டியிட்டுப் பேச்சு மேசையிலேயே இடம்பெற்றது.

போருக்குப் பின்

2013 வடமாகாண சபைத் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் இரண்டாவது அதிக விருப்பு வாக்குகளைப் பெற்றவர் அனந்தி சசிதரன். அவர் போரின் முடிவில் சரணடைந்து காணாமல் போன கணவரைத் தேடுபவர். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்து, குடாநாட்டின் பிரதேச சபைகளுக்கும் பெண் உறுப்பினர்களைக் கொண்டுவந்தது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் தொடர் போராட்டங்களைத் தொடங்கினர். குடாநாட்டில் வடமராட்சி கிழக்கின் மருதங்கேணி அவற்றுள் ஒரு களம். தாய்மாரும் மனைவியருமே பெரும்பாலும் முன்னின்றனர். அவ்வாண்டு ஜூனில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை யாழ்ப்பாணத்தில் சந்தித்து, சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியலை வெளியிடக் கோரினர். உண்மை தெரியாமல் இழப்பீடு வேண்டாம் என்பது இவர்களில் பலரின் உறுதியான நிலைப்பாடு.

இந்த உறவுகளின் கேள்விகளோடு தொடர்புடைய இடம் குடாநாட்டின் செம்மணி. அங்கே உடல்கள் புதைக்கப்பட்டிருப்பது, மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி 1996 இல் கொல்லப்பட்ட வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்ட படைவீரர் ஒருவரின் வாக்குமூலத்தால் 1998 இல் தெரியவந்தது. 1999 அகழ்வில் 15 எச்சங்கள் மீட்கப்பட்டன. 2025 இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது குழந்தைகளுடையவை உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன.

மதிப்பீடு

அமைதி முயற்சிகளில் பெண்களின் பங்கேற்பை வலியுறுத்தும் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1325 ஆம் தீர்மானம் 2000 ஒக்டோபர் 31 இல் நிறைவேறியது. ஆயினும் 1992 முதல் 2019 வரையான முக்கிய அமைதிப் பேச்சுகளில் பேச்சாளர்களில் 13 வீதமும் கையெழுத்திட்டவர்களில் 6 வீதமும் மட்டுமே பெண்கள் என்கிறது ஐ.நா. பெண்கள் அமைப்பின் கணக்கு. இத்தீர்மானத்துக்கான தேசிய செயற்றிட்டத்தை இலங்கை 2023 இல்தான் ஏற்றது.

குடாநாட்டுப் பெண்கள் கேட்பவை தெளிவானவை: பிடித்துச் செல்லப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது, படையினர் வசமுள்ள காணி எப்போது திரும்பும், குற்றம் செய்தவர்களை யார் விசாரிப்பது. 2003 இல் உபகுழு தொட்ட விடயங்களும் இவற்றோடு நெருங்கியவையே. இக்கேள்விகளைக் கேட்பவர்களைச் சாட்சிகளாக மட்டும் அழைக்காமல், விசாரணைப் பொறிமுறைகளை வடிவமைக்கவும் கண்காணிக்கவும் அதிகாரமுள்ளவர்களாக அமர்த்துவதே நீதியான அமைதிக்கு வழி.