நாட்டு மருந்துக் கடையில் ஒரு செப்புத் தகடு

சென்ற ஆண்டு ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அரியலூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து தாய் ஒருவர் தம் சகோதரருடன் வந்தார். உடன் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன். அவன் கழுத்தில் கறுப்புக் கயிறு. கயிற்றில் ஒரு தாயத்துக் கூடு. இடது முழங்கையில் தீப்புண் ஆறிய தழும்பு.

"ஹஜ்ரத், இதுக்குள்ளே என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. புள்ளைக்கு மாசத்துக்கு ரெண்டு தடவை வலிப்பு வருது. ஜின்னு கோளாறுன்னு சொல்லிக் கட்டிவிட்டாங்க. கட்டி எட்டு மாசமாச்சு. போன மாசம் அடுப்புப் பக்கத்துலே விழுந்துட்டான்" என்றார் அந்தத் தாய்.

கூட்டைத் திறந்தோம். சுருட்டிய செப்புத் தகடு. அதில் ஒன்பது கட்டங்கள். கட்டத்திற்கு ஓர் எண், அரபு இலக்கங்களில். மேல் வரிசையில் 4, 9, 2. நடு வரிசையில் 3, 5, 7. கீழ் வரிசையில் 8, 1, 6. அதைக் கண்டதும் நம் உள்ளம் நாணிற்று. ஏனெனில் இதே கட்டத்தை இதே வரிசையில் நாமும் நம் கையால் எழுதியிருக்கிறோம். நம் தந்தையார் எழுதினார். ஓதி முடித்து ஊர் திரும்பிய புதிதில் அவரருகே அமர்ந்து நாமும் எழுதினோம். கொடுத்த ஹதியாவைப் பெற்றுக்கொண்டோம். அது எங்கிருந்து வந்தது என்று அன்று கேட்கத் தோன்றவில்லை. இந்தத் தகடு புறப்பட்ட இடத்தைத் தேடிச் செல்வது நம் மீது கடமையாயிற்று.

முதலில் அரியலூரிலும் பின்னர் பெரம்பலூரிலும் நாட்டு மருந்துக் கடைகளுக்குச் சென்றோம். 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2007-இல் அரியலூர் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் மாறினாலும் இரண்டு ஊர்க் கடைத்தெருக்களும் ஒரே முகமுடையவைதாம். வாசலில் சாக்குகளில் வசம்பு, வெண்கடுகு, மருதாணி விதை, கடுக்காய், நிலாவரை. மேலே கயிற்றில் ஆகாச கருடன் கிழங்கு தொங்குகிறது. உள்ளே கண்ணாடிப் புட்டிகளில் கோரோசனையும் புனுகும் சவ்வாதும். ஓர் அலமாரித் தட்டில் திருஷ்டிப் படிகாரம், சோழி, கறுப்புக் கயிறு, தாயத்துக் கூடுகள், எழுதாத செப்புத் தகடுகள், எழுதிய தகடுகள். அதற்கு அடுத்த தட்டிலேயே குன்றிமணி, எட்டிக் கொட்டை, மயில்துத்தம். இம்மூன்றும் அளவு தவறினால் உயிரைக் கொல்லும் நஞ்சுகள்.

மருந்தும் மாந்திரீகமும் நஞ்சும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இன்று நேற்று வந்ததன்று. பிள்ளையின் வயிற்று உப்புசத்திற்கு உரைத்துக் கொடுக்கும் அதே வசம்பைக் கண்ணேறு படாதிருக்கக் கையில் கட்டுவதும் நம் வீடுகளில் உண்டு. கடைக்காரர் முதியவர், பண்பாளர். "பாய், நான் மருந்துதான் விக்கிறேன். ஆனா கேக்கிறவங்க இதையும் சேர்த்துக் கேக்கிறாங்க. இல்லேன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுவாங்க" என்றார். அவர் சொல்லில் பொய் இல்லை.

அந்தக் கடையின் தட்டுகள் பழைய கடல் வாணிபத்தின் வரலாற்றேடு என்றும் சொல்லலாம். சாம்பிராணியை எடுத்துக்கொள்வோம். சுமத்திராத் தீவின் மரப்பிசினை அரபு வணிகர் 'லுபான் ஜாவி' என்றனர். பதினான்காம் நூற்றாண்டில் அத்தீவுக்குச் சென்ற இப்னு பதூதா அதைக் குறித்திருக்கிறார். அப்பெயரின் முதலெழுத்துகள் தேய்ந்தே ஐரோப்பியரின் 'பென்சாயின்' பிறந்தது. அத்தீவின் பரூஸ் துறையிலிருந்து வந்த கற்பூரத்தை அரபுலகம் 'காஃபூர் ஃபன்ஸூரி' என்று போற்றியது. அதே பரூஸில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் கூறுகிறது. அதற்கு அறுபது ஆண்டுகள் முன்னர், ஏறத்தாழ 1025-இல், கடாரத்தின் மீது கப்பற்படை செலுத்திய இராசேந்திர சோழனின் தலைநகரோ இதே அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம். தமிழரும் அரபியரும் ஒரே துறைகளில் சரக்கு ஏற்றினர். சரக்கோடு சரக்காகச் சொற்களும் நம்பிக்கைகளும் கரை ஏறின.

'தஃவீத்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பாதுகாப்புத் தேடுதல் என்று பொருள். நாம் நாள்தோறும் ஓதும் 'அஊது' அதே வேரிலிருந்து வந்தது. வாயால் இறைவனிடம் தேடிய பாதுகாப்பு, காலப்போக்கில் கழுத்தில் தொங்கும் பொருளுக்குப் பெயராயிற்று. 'தல்ஸம்' என்னும் சொல்லோ அரபே அன்று. 'தெலெஸ்மா' என்னும் கிரேக்கச் சொல்லின் அரபு உருவம். தேடியது இறைவனை, தொங்கியது கிரேக்கரின் சரக்கு.

இனி அந்த ஒன்பது கட்டங்களுக்கு வருவோம். நெடுக்காகவோ குறுக்காகவோ மூலைவாட்டிலோ எப்படிக் கூட்டினாலும் 15 வரும். எல்லாவற்றையும் கூட்டினால் 45. சீனர் இதனை 'லோ ஷூ' என்று மிகப் பழங்காலந்தொட்டே அறிந்திருந்தனர். அரபு மொழியில் ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரால் வழங்கும் நூல்களில் இது பேறுகால வேதனையை எளிதாக்கும் சதுரமாக வருகிறது. அப்ஜத் கணக்கில் நான்கு மூலை எண்களும் 2, 4, 6, 8 என்ற வரிசையில் 'பா, தால், வாவ், ஹா' ஆகின்றன. அவற்றைச் சேர்த்து 'புதூஹ்' என்று ஓதினர். ஹவ்வா என்னும் பெயரின் எண் 15, ஆதம் என்னும் பெயரின் எண் 45 என்று கண்டு வியந்தோரும் உண்டு. 786 என்று கடிதத் தலைப்பில் எழுதும் நம்மவர்க்கு இக்கணக்கு புதிதன்று.

ஹிஜ்ரி 505-இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல்முன்கித்' நூலில் இச்சதுரத்தைக் குறிப்பிடுகிறார்கள். காரணம் கூற இயலாத இதன் பயனை ஏற்கும் மெய்யியலார், தொழுகையின் ரக்அத் எண்ணிக்கைக்குள் அறிவுக்கு எட்டாத பயன் இருக்கக் கூடாதா என்பது அவர்களின் வாதம். இமாமவர்கள் அங்கே இதன் பயனை மறுக்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்கள் அதைச் சான்றாக எடுத்தது தொழுகையை நிலைநாட்டவே. பின்வந்தோர் தொழுகையை விட்டுவிட்டுச் சதுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அல்பூனியின் பெயரால் 'ஷம்ஸுல் மஆரிஃப்' வந்தபின் எழுத்துகளும் எண்களும் தனியொரு கலையாகவே வளர்ந்தன. நம் தந்தையாரின் பெட்டியில் இருந்த கையேடுகள் அந்த மரத்தின் கிளைகளே.

பெரம்பலூர்க் கடையில் நம்மைத் திடுக்கிட வைத்தது ஒன்று உண்டு. அந்த முதியவர் வேறொரு தகட்டை எடுத்துக் காட்டினார். "இது சூரிய யந்திரம், பாய். எங்க ஆளுங்க வாங்குவாங்க" என்றார். அதில் 6, 1, 8; 7, 5, 3; 2, 9, 4 என்று பொறித்திருந்தது. நம் சட்டைப் பையிலிருந்த தகட்டை அதனருகே வைத்தோம். வாசகர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்: நம்முடைய சதுரத்தைக் கடைசி எண்ணிலிருந்து தலைகீழாக எழுதிக்கொண்டு வந்தால் இதுவே கிடைக்கும். நாம் மறை அறிவு என்று பொத்திப் பாதுகாத்தது, அடுத்த தட்டில் கதிரவனின் பெயரால் விற்பனைக்கு இருக்கிறது. அது இஸ்லாமும் அன்று, மறைபொருளும் அன்று. கூட்டல் கணக்கின் அழகு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் மகிழ்வர், வலிப்பைத் தீர்க்காது.

மாந்திரீக ஏடுகள் வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகர்ஷணம், வித்துவேஷணம், பேதனம், மாரணம் என எட்டுக் கருமங்களைச் சொல்லும். இவற்றுள் பேதனம் என்பது சேர்ந்திருப்போரைப் பிரித்தல். திருமறையின் அல்பகரா அத்தியாயத்து 102-ஆம் வசனம் சூனியத்தைப் பற்றிப் பேசுகையில், கணவனையும் மனைவியையும் பிரிக்கும் செயலையே எடுத்துக் காட்டுகிறது. இறைவனின் நாட்டமின்றி எவர்க்கும் அதனால் தீங்கு விளைவிக்க இயலாது என்றும் உணர்த்துகிறது. பெரம்பலூருக்குத் தெற்கேயுள்ள சிறுவாச்சூர்க் கோயில் கதையிலும் மாந்திரீகன் ஊரை வருத்திய பகைவனாகவே வருகிறான். எச்சமயத்துப் பாமரரும் அவனை அஞ்சினரே அன்றி மதித்ததில்லை. 2017 மார்ச்சில் பெரம்பலூரில் மாந்திரீகம் செய்துவந்த ஒருவரின் வீட்டிலிருந்து பெண்ணின் சடலத்தையும் மனித மண்டையோடுகளையும் காவல்துறையினர் கைப்பற்றினர். கறுப்புக் கயிற்றில் தொடங்கும் பாதை எவ்வளவு தொலைவு போகக்கூடும் என்பதற்கு அது சாட்சி.

1377-இல் 'முகத்திமா'வை எழுதிய இப்னு கல்தூன், சூனியக் கலைகளை மார்க்கம் விலக்கியதை விளக்கியதோடு நிற்கவில்லை. பிழைப்பைப் பற்றிய பகுதியில், மந்திரத்தால் புதையல் தேடுவோரையும் அவர்களுக்குப் போலி ஏடுகளை விற்போரையும் எடுத்துக்கொண்டு, உழவாலும் வாணிபத்தாலும் கைத்தொழிலாலும் பொருளீட்ட இயலாதோரின் வழி இது என்கிறார். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தையும் மக்ரிபையும் பற்றி எழுதியது நம் கடைத்தெருவுக்கும் பொருந்துகிறது.

ஓதிப் பார்ப்பதே கூடாதா என்று வாசகர் வினவலாம். இணைவைப்பு இல்லாத ஓதலில் குற்றமில்லை என்று அண்ணலார் (ஸல்) அருளியது ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. திருவசனங்களை எழுதி அணிவிப்பதில் ஸஹாபாக்களுக்கிடையிலேயே இரு கருத்துகள் இருந்தன: அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) சிறு பிள்ளைகளுக்கு எழுதித் தொங்கவிட்டதாக ஓர் அறிவிப்பு, இப்னு மஸ்ஊத் (ரலி) அதனை வெறுத்ததாக மற்றோர் அறிவிப்பு. அந்த வழக்கைத் தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் பொருள் விளங்காத எண்ணுக்கும் எழுத்துக்கும் இவ்விரு கருத்திலும் இடமில்லை.

வலிப்பைக் குறித்து நம்மிடம் நேரடிச் சான்றே உள்ளது. வலிப்புக் கண்ட ஒரு பெண்மணி அண்ணலாரிடம் வந்து முறையிட்டார். பொறுத்துக்கொண்டால் சுவனம், விரும்பினால் நலம் பெற இறைஞ்சுவேன் என்றார்கள் பெருமானார். பொறுப்பதாகக் கூறிய அவர், விழும்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யுமாறு வேண்டினார். பெருமானார் அவ்வாறே செய்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாகப் புகாரி பதிவு செய்த இச்செய்தியில் தகடும் இல்லை, கயிறும் இல்லை. பின்னாளில் இப்னு ஸீனா தம் 'கானூன்' நூலில் வலிப்பை மூளையின் நோயாக ஆராய்ந்தார். மருத்துவம் நம் முன்னோர் வெறுத்த துறையன்று.

நாட்டின் சட்டமும் இதில் கண் மூடியிருக்கவில்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம், தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றை 'மந்திர சிகிச்சை' என வகுத்து, அவற்றால் நோய் தீரும் என விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அதன் அட்டவணையிலுள்ள நோய்களுள் வலிப்பும் ஒன்று. யூனானி மருந்துகள் செய்யும் தில்லி ஹம்தர்த் தவாகானா இச்சட்டத்தை எதிர்த்து வழக்காடியது. 1959 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் சில பகுதிகளைச் செல்லாதெனக் கூறினாலும், சட்டத்தின் நோக்கத்தை ஏற்றது. ஆனால் சட்டம் விளம்பரத்தைத்தான் தடுக்கும். காதோடு காதாகச் சொல்லித் தகடு கட்டுவதை யார் தடுப்பது? ஆலிம்களாகிய நாம்தான் தடுக்க வேண்டும்.

அந்தத் தாயிடம் திரும்புவோம். அன்று சிறுவனுக்கு ஃபாத்திஹாவும் முஅவ்விததைனும் ஓதினோம். ஓதுவதை நாம் கைவிடவில்லை. பின்னர், "தாயே, இதில் இருப்பது வெறும் கணக்கு. இதே கணக்கை நாமும் ஒரு காலத்தில் அறியாமல் எழுதிக் கொடுத்திருக்கிறோம். நாளைக் காலையிலேயே பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்" என்றோம். அவர் சற்று நேரம் நம்மையே பார்த்தார். "அப்போ இந்த எட்டு மாசம்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை.

மருத்துவர் நாள்தோறும் விழுங்க மாத்திரை எழுதி, தம்மைக் கேளாமல் நிறுத்தக் கூடாது என்று எச்சரித்திருக்கிறார். அதன்பின் ஆறு மாதங்களில் ஒரு முறைதான் வலிப்பு வந்ததாம். சிறுவன் இப்போது மக்தபுக்கு வருகிறான்; தழும்பு மட்டும் போகவில்லை.

நம் தந்தையாரின் பெட்டியில் எழுதாத செப்புத் தகடுகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. அவற்றைப் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, வந்த தொகையை அந்தச் சிறுவன் மருத்துவமனைக்குச் சென்றுவரும் பேருந்துச் செலவுக்குக் கொடுத்தோம். தந்தையார் நல்ல நோக்குடனேயே எழுதினார். அல்லாஹ் அவரை மன்னிப்பானாக. அறிந்த பின்னும் நாம் எழுதினால் அந்த நோக்கு நமக்குத் துணை வராது. இதை வாசிக்கும் இல்லங்களில் பிள்ளைகளின் கழுத்தில் ஏதேனும் தொங்குமாயின், அதைத் திறந்து என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நோய் இருப்பின் மருத்துவரிடம் செல்லுங்கள். பாதுகாப்பை, அதை அளிக்கவல்ல ஒருவனிடமே கேளுங்கள்.