செக்ரோல் முதல் செயற்கை நுண்ணறிவு வரை: ஒருமுறை எழுதி பலமுறை பயன்படுத்திய கதை



சாட்ஜிபிடி போன்றவற்றிடம் புள்ளிப் பட்டியலையோ சங்கக் கணக்கையோ கொடுத்து விடை கேட்பது இப்போது நம் ஊரிலும் சாதாரணமாகிவிட்டது. "போன தவணை ஒரு மாதிரிச் சொன்னது, இந்தத் தவணை வேறு மாதிரிச் சொல்கிறது" என்பதுதான் பலருடைய முறைப்பாடு. இதற்கான வைத்தியம் பழையது. அதில் தேயிலைக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

தோட்டத்துச் செக்ரோலைப் பெரியவர்கள் அறிவார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் பதிவு. பிறகு கொழுந்து நிறுவை. குறித்த அளவு எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மாத முடிவில் பேரைக் கூட்டி, முற்பணத்தைக் கழித்துச் சம்பளம். கணக்கப்பிள்ளை மாறினாலும் படிகள் மாறாது. இப்படி ஒழுங்காக எழுதப்பட்ட படிகளைத்தான் அல்கோரிதம் என்கிறோம். அந்தச் சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது.

இனி இலண்டனுக்குப் போவோம். அங்கே ஜே. லயன்ஸ் என்ற கம்பெனி தேயிலை விற்றது, நாடு முழுவதும் தேநீர்க் கடைகளும் நடத்தியது. கடைகளின் சில்லறைக் கணக்கு மலைபோலக் குவிந்தது. 1947இல் அதன் அதிகாரிகள் இருவர் அமெரிக்கா போய்க் கணினிகளைப் பற்றி விசாரித்தார்கள். பின்பு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் உருவாக்கிய எட்சாக் கணினிக்குக் கம்பெனி பண உதவி செய்தது. எட்சாக் 1949 மே மாதம் இயங்கியது. அதைப் பின்பற்றி லயன்ஸ் தானே கட்டிய லியோ கணினி, 1951 நவம்பர் இறுதியில் பேக்கரிக் கணக்கைச் செய்தது. உலகில் ஒரு வியாபார நிறுவனத்தின் வழக்கமான வேலையைக் கணினி செய்யத் தொடங்கியது அப்போதுதான்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று: எட்சாக்கில் டேவிட் வீலர் என்பவர், அடிக்கடி தேவைப்படும் கணக்குகளின் படிகளைக் காகித நாடாவில் துளையிட்டுச் சேமித்து வைக்கும் வழியை வகுத்தார். புதிய வேலை வந்தால் அவற்றை எடுத்துச் சேர்த்தால் போதும். இரண்டு: லயன்ஸ் கடை ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ஓடர் பட்டியல் ஒன்று இருந்தது. கடைப் பொறுப்பாளர் மாற்றங்களை மட்டும் தொலைபேசியில் சொல்வார். மீதியை லியோ கணக்கிடும்.

இன்று நாம் செய்ய வேண்டியதும் இதுவே. ஒவ்வொரு முறையும் புதிய வார்த்தைகளில் கேட்காமல், படிகளை ஒருமுறை தெளிவாக எழுதிச் சேமியுங்கள். எந்த நிரலில் என்ன இருக்கிறது, எதைக் கழிப்பது, எந்த வரிசையில் கணக்கிடுவது, தகவல் குறைந்தால் ஊகித்து நிரப்பாமல் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த தவணை தரவை மட்டும் மாற்றுங்கள். மாணவர் பெயரை நீக்கி இலக்கம் மட்டும் கொடுங்கள். ஒரு சிறு பட்டியலைக் கையால் கணக்கிட்டு, விடை ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஓர் உதாரணம். வகுப்பில் 40 பிள்ளைகள். பரீட்சைக்கு 4 பேர் வரவில்லை. மொத்தப் புள்ளி 1800. வராதவர்களுக்கு 0 போட்டால் சராசரி 45. அவர்களை விட்டுக் கணக்கிட்டால் 50. இரண்டிலும் கூட்டல் பிழை இல்லை. எது நம் விதி என்று எழுதாவிட்டால், இயந்திரம் தன் போக்கில் ஒன்றைத் தெரிவு செய்யும்.

ஆனால் சேமித்த விதியே பிழையானால், அந்தப் பிழையும் ஒவ்வொரு முறையும் திரும்ப வரும். மலையகத்தாருக்கு இதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இங்கே பிறந்தது மட்டும் போதவில்லை. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டப் பதிவு இல்லாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். ஒவ்வொரு கோவையிலும் அதே கேள்வி, அதே விடை. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகும் மிஞ்சியவர்களுக்காக 2003இல்கூடத் தனிச்சட்டம் தேவைப்பட்டது. அங்கே குறை கூட்டல் கழித்தலில் அல்ல, முதற்படியாக எழுதப்பட்ட விதியில் இருந்தது.

ஆகவே படிகளை எழுதும்போது, யார் எழுதினார், எப்போது எழுதினார், ஏன் இந்த விதி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளிவாசல், கோயில், மரண உதவிச் சங்கம் எதுவானாலும், அந்தத் தாளை அங்கத்தவர்கள் வாசிக்கும்படி வையுங்கள். அரைப் பேர் ஏன் என்று கேட்க முடியாமல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

உங்கள் வீட்டில் பழைய சம்பளத் துண்டோ செக்ரோல் நினைவோ இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுக்க உதவும்.