இரண்டு கோட்டைகள்

குளிர்நாடுகளில் முதல் உறைபனி விழுந்ததும் தோட்டக்காரர்கள் டாலியாக் கிழங்குகளை அகழ்ந்தெடுத்து, மண் உதறி, உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைப்பர். வசந்தம் வரை அவை உறங்கும். உறைபனி அறியாத செஞ்சியில் அவ்வேலைக்கு இடமில்லை. ஆயினும் ஆகாத காலத்தைக் கடத்தும் சேமிப்பை நம் முன்னோரும் அறிந்திருந்தனர்.

ராஜகிரியின் அடிவாரத்தில், கனத்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட நெற்களஞ்சியத்தினுள் நுழைந்தால் வெளியே எரியும் வெயில் சட்டென்று மறந்துபோகிறது. கிருஷ்ணகிரியின் மேலும் களஞ்சியங்கள் உள்ளன. எண்ணெய்க்கும் நெய்க்குமெனத் தனித் தொட்டிக் கிணறுகளும் உள்ளன. இங்கே அஞ்சப்பட்டது பனியன்று, முற்றுகை.

1677இல் சிவாஜி கைப்பற்றிய இக்கோட்டையில் 1689இல் அவருடைய மகன் ராஜாராம் அடைக்கலம் புகுந்தார். மறு ஆண்டே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் படையுடன் வந்து சூழ்ந்தார். கோட்டை விழுந்தது 1698இல்தான். இடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1692இன் இறுதியில் சந்தாஜியும் தனாஜியும் முகலாயரின் தானிய வழிகளை அறுத்தனர். பட்டினி கிடந்தது உள்ளிருந்தோர் அல்லர், முற்றுகையிட்டோரே! 1693இன் தொடக்கத்தில் சுல்பிகர்கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பீரங்கியைக் காட்டிலும் நெல்லே அன்று போரை நடத்தியது.

தமிழில் 'கோட்டை' என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. தென்மாவட்டங்களில் அது ஒரு நெல்லளவை. விதைநெல்லைப் பொதிந்து வைக்கும் வைக்கோற் பொதிக்கும் அதுவே பெயர். நன்கு காயவைத்த விதையை வைக்கோற்புரியால் இறுகச் சுற்றி, மேலே சாணம் மெழுகி, ஈரமும் பூச்சியும் அணுகாமல் அடுத்த விதைப்பு வரை காத்தனர். களஞ்சியத்து நெல் உண்பதற்கானது. விதைக்கோட்டையின் நெல்லோ முளைப்பதற்கானது. எவ்வளவு பசித்தாலும் அதில் கை வைக்கலாகாது.

2025இல் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகளுள் ஒன்றாகச் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்கிறோம். கற்கோட்டைக்கு இனிக் காவல் உண்டு. வைக்கோற் கோட்டை கட்டத் தெரிந்த கைகளோ அருகிவிட்டன. அவற்றுக்குப் பட்டியல் ஏதுமில்லை. எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் அந்த முடிச்சைக் கேட்டறிந்து எழுதி வைப்பதையேனும் நாம் செய்யலாம்.