லேபிளில் இல்லாத பெயர்கள்

பொங்கல் லீவு முடிந்துவிட்டது. தேனிக்கும் மதுரைக்கும் போன டெய்லர்கள் திருப்பூர் திரும்பி, பவர்டேபிளில் உட்கார்ந்தாச்சு. ஓவர்லாக் சத்தத்தை மிஞ்சிக்கொண்டு பனியன் கம்பெனி ஸ்பீக்கர்களில் பாட்டு ஓடுகிறது. ஒரு மாறுதலுக்கு, இந்த வாரம் கொஞ்சம் ஜாஸ் கேட்போமா?

‘அது நட்சத்திர ஓட்டல் சமாசாரமாச்சே!’ என்று நகர்ந்துவிடாதீர்கள். ஜாஸ் நம் வீட்டு ரேடியோவுக்குள் எப்போதோ வந்துவிட்டது. என்ன, பெயர் சொல்லாமல் வந்தது!

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பின மக்கள் வளர்த்த இசை ஜாஸ். ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, மேடையிலேயே அவரவர் கற்பனைக்கு விரித்து வாசிப்பார்கள். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடுகிற மாதிரி. 1935-ல் லியான் அபே என்பவர் தன் கறுப்பினக் குழுவோடு பம்பாய் தாஜ்மஹால் ஓட்டலுக்கு வந்து வாசித்தார். அடுத்து வந்தவர்களில் பியானோக் கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் முக்கியமானவர். 1945-ல் கல்கத்தாவில் காலரா கண்டு, அங்கேயே இறந்துபோனார்.

இவர்களோடு சேர்ந்து வாசித்துத் தொழில் கற்றவர்களில் கோவாக்காரர்கள் நிறைய. சர்ச் பள்ளிகளில் மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கக் கற்றவர்கள் அவர்கள். பகலில் சினிமா ஸ்டூடியோ, ராத்திரி ஓட்டல் மேடை! இசையமைப்பாளர் மெட்டை முனகிக் காட்டுவார். எந்த வாத்தியம் எங்கே நுழைய வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது கோவாக்காரர். படத்தின் டைட்டிலில்? பெரும்பாலும் இசையமைப்பாளர் பெயர்தான் பெரிதாக.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தைப்பது இங்கே, கழுத்தில் ஒட்டும் லேபிள் வேறு ஊர்க் கம்பெனியுடையது.

சரி, சிபாரிசுக்கு வருவோம்.

முதலில் பார்க்க வேண்டியது, 1951-ல் வந்த ‘அல்பேலா’ இந்திப் படத்தின் நடனப் பாட்டுகள். இசை சி.ராமச்சந்திரா. ‘வனமோகினி’ (1941) என்ற தமிழ்ப் படத்துக்கும் இசை போட்டவர்தான். அதை விடுங்கள், பாட்டில் டிரம்பெட் ஊதுகிறவரைக் கவனியுங்கள். ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்று கொண்டாடப்பட்ட சிக் சாக்லேட் அவர். நிஜப்பெயர் அன்டோனியோ சேவியர் வாஸ். திரைக்குப் பின்னால் உழைத்த கூட்டத்தில், குழுவோடு திரைக்கே வந்துவிட்ட அதிர்ஷ்டசாலி!

இரண்டாவது, ‘அமர் அக்பர் அந்தோணி’ (1977). பெரிய முட்டைக்குள்ளிருந்து அமிதாப் வெளியே வந்து, ‘அந்தோணி கொன்சால்வெஸ்’ என்று தன் பெயரைச் சொல்லி ஆடுவாரே, அந்தப் பாட்டு. அந்தோணி கொன்சால்வெஸ் கற்பனைப் பெயர் அல்ல. படத்தின் இசையமைப்பாளர்களில் ஒருவரான பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக்கொடுத்த கோவா வாத்தியார். ஜாஸ்காரர் அல்ல, ஆனால், ஸ்டூடியோக்களில் இசைக்கோப்பு எழுதியே காலம் தள்ளியவர். ஒரு சிஷ்யன், குருவின் பெயரை நாடே முணுமுணுக்கும்படி செய்துவிட்டான்!

மூன்றாவது கேட்பதற்கு. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் ‘சக்தி’ என்று ஒரு குழு ஆரம்பித்தார். 1975-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வாசித்தது, அடுத்த வருஷம் ஆல்பமாக வந்தது. எல்.சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ராகவனின் மிருதங்கம், கூடவே விக்கு விநாயக்ராமின் கடம். பானையை வைத்துக்கொண்டு அவர் செய்கிற அமர்க்களத்தைக் கேளுங்கள்! அட்டையில் ‘சக்தி’ முதலில். மெக்லாஃப்லின் பெயர் அதற்குப் பிறகுதான். வாசித்த அத்தனை பேருக்கும் பெயர் உண்டு.

அதே ‘சக்தி’யின் ‘திஸ் மொமெண்ட்’ (2023) ஆல்பத்தில், விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசித்திருக்கிறார். 2024-ல் கிராமி விருது கிடைத்தபோது, வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஷிஃப்ட் முடிந்த ராத்திரியில், இந்த வரிசையிலேயே கேட்டுப் பாருங்கள். அப்புறம் பழைய பாட்டில் எங்கேயாவது டிரம்பெட் ஒலித்தால், ‘ஊதினது யாரு?’ என்று கேட்காமல் உங்களால் இருக்க முடியாது.